அரண்மனைக் கன்னியின் முளைப்பாரி

எங்களை ராஜ பரம்பரை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ராஜ்யத்தின் லட்சணம் எனக்கல்லவா தெரியும்! திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற வழியில், சோளமும் கம்பும் தவிர வேறொன்றும் உருப்படியாக விளையாத மேட்டுக்காட்டில் இருந்தது எங்கள் ஜமீன். ஊரார் அரண்மனை என்று சொன்ன வீட்டில் பாதி அறைகளில் மழை ஒழுகும். மாடியை வௌவால்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் சர்க்கார் ஜமீன்களை எடுத்துக்கொண்டபோது, இங்கே எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று பார்க்க வந்த அதிகாரிக்கே சங்கடமாக இருந்திருக்கும். அப்பா அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. அம்மா நான் பால்குடி மறக்கும் முன்பே போய்விட்டவள்.

ஆண் வாரிசு கிடையாது. அக்காவும் நானும்தான். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். பதினாறு வயதில் அவளை இன்னொரு ஜமீனில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு வருஷத்துக்குள் டைபாய்டு வந்து மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தார். போனபோது எப்படித் திரை போட்ட வண்டியில் போனாளோ அதே மாதிரி வண்டியில் திரும்பி வந்தாள். திரை எதற்கென்றால், எங்கள் வீட்டுப் பெண்களை வெளி ஆண்கள் பார்க்கக் கூடாது. நாங்களும் வெளியே எதையும் பார்க்கக் கூடாது. வெயிலுக்குக்கூட எங்களைப் பார்க்க உத்தரவு கிடையாது என்று நான் சொல்வேன். அக்கா அதற்குச் சிரிப்பாள். ஆனால் திரையை ஒரு விரல் அகலம் விலக்கியவள் இல்லை.

எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டதும், அம்மை கண்டபோது பக்கத்திலேயே படுத்ததும், எழுத்து சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். சாப்பாட்டுக்கு அவளோடு சமமாக உட்கார அந்த வீட்டில் எனக்கு மட்டுமே உரிமை. வேலைக்காரிகள் நின்றுகொண்டு பரிமாறுவார்கள். உறவுக்காரப் பெண்கள் வந்தாலும் ஒரு பாய் தள்ளித்தான் உட்காருவார்கள், ஏனென்றால் அவள் பட்டத்துக்காரி. அப்பா போன பிறகு அந்தப் பட்டத்தை அவளுக்குத்தான் கட்டினார்கள். தாலி இழந்தவளுக்குப் பட்டமா என்று சில பேர் முணுமுணுத்தார்கள். பட்டத்துக்கு ஏது தாலி என்று ஜமீனில் அடங்கிய ஐந்து ஊர்களுக்கும் மூத்தவரான ஊர்ப் பெரியவர் ஒரு போடு போட்டதும் அடங்கிவிட்டார்கள்.

நிலமும் வரியும் போன பிறகு பட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். மரியாதைக்குத்தான். பங்குனியில் எங்கள் அம்மன் கோயிலில் திருவிழா. முதல் மரியாதை அரண்மனைக்கு. பூசாரி பரிவட்டத்தைத் தாம்பாளத்தில் வைத்து, மூங்கில் தட்டிக்குக் கீழே இருக்கும் இடைவெளி வழியாக உள்ளே தள்ளுவார். தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அக்கா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பத் தள்ளுவாள். அவ்வளவுதான் முதல் மரியாதை. அதற்கு மேளம், வேட்டு, குலவை எல்லாம் உண்டு. ஐந்து ஊர் ஜனமும் அந்தத் தட்டியைப் பார்த்துக் கும்பிடும்.

இதில் என் பங்கு முளைப்பாரி. அரண்மனைப் பாரிதான் ஊர்வலத்தில் முன்னால் போக வேண்டும். அதை அரண்மனையின் கல்யாணமாகாத பெண்தான் வளர்த்துத் தூக்க வேண்டும். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் எனக்குத் திரை கிடையாது. அன்றைக்கு நான் பெண் இல்லை, அம்மனுடைய ஆள். அடி தட்டிய சட்டியில் வைக்கோல் பரப்பி, எருவைத் தூவி, மொச்சையும் தட்டாம்பயறும் சோளமும் விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பேன். கறி மீன் தொடக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது, பாய் தவிர வேறெதிலும் படுக்கக் கூடாது. இருட்டிலேயே வளர்வதால் பயிர் வெளிறிய மஞ்சளாக நெடுநெடுவென்று நிற்கும். ஊர்ப் பெண்கள் அதைப் பார்த்து அழகு அழகு என்பார்கள். வெளிச்சத்தைக் காட்டாமல் வளர்த்துவிட்டு அதை அழகு என்று கொண்டாடுகிறவர்களோடு நான் என்ன பேசுவது?

முதல் சில வருஷங்கள் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. சின்னப் பெண்ணுக்கு ஐந்து ஊரும் வழி விட்டால் தலை கனக்காமல் இருக்குமா? ஊர்வலத்தில் எனக்கு முன்னால் அரண்மனைக் குதிரை போகும். கிழட்டுப் பெண் குதிரை. அப்பா காலத்தில் மிஞ்சிய சொத்து அது ஒன்றுதான்.

அந்தக் குதிரைக்கு ஒரு தை மாதம் வயிற்றுக்கோளாறு வந்தது. திண்டுக்கல்லில் மாட்டு டாக்டராக இருந்த அத்தானுக்கு ஆள் அனுப்பினோம். அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை மகன் அவர். அவர்களும் ஒரு காலத்தில் ஜமீன்தான். தாத்தா காலத்திலேயே கோட்டை விட்டவர்கள். ஜமீன் பிள்ளை மாட்டு வைத்தியம் படிப்பதா என்று எங்கள் சொந்தத்தில் அவருக்கு ஏக இளக்காரம். அவருக்கு அதைப் பற்றி லவலேசமும் கவலை இல்லை. முறைக்காரர் என்பதால் தட்டியில்லாமல் என்னோடு பேச அனுமதி உண்டு. அப்படிக் கிடைத்த முதல் சந்தர்ப்பத்தில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டது இதுதான்:

"லத்தி எப்படிப் போடுது?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கு ஏன் சிரிக்கிறேன் என்று புரியவில்லை. பிறகு குதிரை தேறிய பின்னும் அதைப் பார்க்க அடிக்கடி வந்தார். அந்தக் குதிரையை அவ்வளவு தடவை பார்க்க வேண்டிய அவசியம் மருத்துவ சாஸ்திரத்தில் இல்லை என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும், குதிரைக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. என்னைப் பாரி தூக்குகிறவளாகப் பார்க்காமல் என்னையே பார்த்த ஆள் அவர் ஒருவர்தான்.

அத்தை முறைப்படி வந்து பெண் கேட்டாள். அக்கா மறுக்கவில்லை. முகம் மலர்ந்துதான் தாம்பூலம் கொடுத்தாள். அத்தை வண்டி ஏறின பிறகு என்னைக் கூப்பிட்டு, "எனக்குச் சந்தோசம்டி. ஆனா ஊருல ஒத்துக்கணும். நீ போயிட்டா அரண்மனைப் பாரியத் தூக்க கன்னி ஏது? இந்த ஒரு பங்குனி போகட்டும். நான் பேசிப் பாக்குறேன்" என்றாள்.

அந்தப் பங்குனி போயிற்று. "ஒத்துக்க மாட்டேங்கிறாங்கடி. நேர் ரத்தம்தான் தூக்கணுமாம். இல்லேன்னா முதல் மரியாதையை வேற ஊருக்குக் கொடுத்துருவாங்களாம். மரியாதை போனா அப்பா பேரே போச்சே. இந்த ஒரு வருசம் பொறுத்துக்க" என்றாள். அடுத்த பங்குனியும் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. ஒவ்வொரு தடவையும் அவள் சொல்லும்போது கண் கலங்கும். நான்தான் அவளைத் தேற்றுவேன். பாவம், ஊருக்கும் எனக்கும் நடுவில் கிடந்து அல்லாடுகிறாளே என்று நினைப்பேன். என்ன பிரமாதமான தங்கச்சி நான்!

என் கோபமெல்லாம் அந்த ஊர்ப் பெரியவர்கள் மேல். ஊர்வலக் கூட்டத்தில் கண்ணில் பட்டிருந்தாலும் அவர்களில் யார் இன்னார் என்று எனக்குத் தெரியாது. தட்டிக்கு வெளியே அவர்கள் கனைக்கும் சத்தத்தை மட்டும் அறைக்குள்ளிருந்து கேட்டிருக்கிறேன். அந்தக் கனைப்பே எனக்கு ஆகாது. இருட்டறையில் பாரிக்குத் தண்ணீர் தெளிக்கும்போதெல்லாம் அவர்களை வைவேன். உங்கள் வீட்டு மாடு சினைக்கு நிற்காமல் போகட்டும், உங்கள் கிணறு தூர்ந்து போகட்டும், உங்கள் மருமகள்கள் வாயாடிகளாக வாய்க்கட்டும் என்று வாய்க்கு வந்தபடி. விரதம் இருக்கிறவள் வையக் கூடாது என்பது விதி. அப்படிப் பார்த்தால் அந்த வருஷங்களில் பயிர் முளைத்தே இருக்கக் கூடாது. அதுவோ நான் வைய வைய ஓங்கி வளர்ந்தது.

உடன் விளையாடிய பங்காளி வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கல்யாணமாகிப் போனார்கள். திருவிழாவுக்கு வரும்போது இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. என்னைப் பார்த்து, "ஒனக்கென்னடி, நீ அம்மன் பொண்ணு" என்பார்கள். அவர்கள் மனசார வாழ்த்திச் சொன்னார்கள் என்பதுதான் அதைவிடக் கொடுமை.

அத்தான் காத்திருந்தார். ஆனால் அத்தைக்குப் பொறுமை எத்தனை நாளைக்கு வரும்? ஒரு மாசி மாதம் சொல்லி அனுப்பிவிட்டாள்: இந்தப் பங்குனித் திருவிழாவைச் சாட்டி அறிவிப்பதற்குள் முடிவான பதில் வேண்டும், இல்லாவிட்டால் ஆயக்குடிப் பக்கம் ஒரு பெண் தயாராக இருக்கிறது. கொய்யாத் தோப்போடு வருகிற பெண். நான் அதுவரை கொய்யாப்பழத்தின் மேல் எந்த விரோதமும் பாராட்டியவள் அல்ல. அன்றிலிருந்து அதன் வாசனையே எனக்குக் குமட்டியது. அக்காவிடம் போய் நின்றேன். "நான் பேசுறேன். இந்தத் தடவை கட்டாயம் பேசுறேன்" என்று என் தலையைத் தடவினாள்.

பேசுவதற்குள் அவள் காய்ச்சலில் விழுந்துவிட்டாள். அந்த வருஷம் ஊரெல்லாம் ஃபுளூ. கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தாள். அன்றைக்குப் பார்த்து ஊர்ப் பெரியவர்கள் திருவிழாச் சாட்ட உத்தரவு கேட்டு வந்துவிட்டார்கள்.

உத்தரவு வாங்கும் முறையையும் சொல்லிவிட வேண்டும். பெரியவர்கள் மண்டபத்தில் நிற்பார்கள். தட்டிக்குப் பின்னால் அக்கா. தட்டி ஓரத்தில் எங்கள் காரியஸ்தர். அக்கா அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வாள். அவர் அதை உரக்கச் சொல்வார். பட்டத்துக்காரியின் குரலை வெளி ஆண் கேட்கக் கூடாது. நான் அந்தப் பக்கமே போகக் கூடாது, எனக்கு அதில் வேலையில்லை. இத்தனை வருஷமாக ஐந்து ஊரும் அக்காவின் முகத்தையும் பார்த்ததில்லை, குரலையும் கேட்டதில்லை.

அக்கா அந்தக் காய்ச்சலிலும் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. "ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்லுங்க" என்று காரியஸ்தரிடம் முனகிவிட்டுச் சாய்ந்துவிட்டாள். நான் காரியஸ்தருக்கு முன்னால் நடந்து போய்த் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வேணாம் சின்னம்மா. சொன்னாக் கேளுங்க. உள்ள போங்க."

"நீங்க சும்மா இருங்க. இன்னைக்கு நான் கேக்குறதக் கேக்கத்தான் போறேன்."

ஊர்ப் பெரியவரின் குரல் வெளியிலிருந்து வந்தது. "பெரிய நாச்சியாருக்குக் கும்பிடுறோம். அம்மனுக்குச் சாட்டணும். உத்தரவு வேணும் தாயி."

காரியஸ்தர் குனிந்தார். நான் அவர் காதில் எதுவும் சொல்லவில்லை. நேராகத் தட்டியைப் பார்த்துப் பேசினேன்.

"சாட்டுறது இருக்கட்டும். மொதல்ல எனக்கு ஒரு பதில் சொல்லுங்க. ஒரு பொண்ணு எத்தனை பங்குனிக்குத்தான் பாரி தூக்கணும்? உங்க மகளுகளை எல்லாம் காலாகாலத்துல கட்டிக் கொடுத்துட்டீங்க. இந்த வீட்டுப் பொண்ணு மட்டும் தலை நரைக்கிற வரைக்கும் சட்டி தூக்கணுமா? அம்மன் உங்க கனவுல வந்து கேட்டாளா? உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் அவர்கள் ஆயுளில் முதல் தடவையாக வெளியே வந்திருக்கிறது. வந்த குரல் வைகிற குரலாக வந்திருக்கிறது. மூங்கில் இடுக்கு வழியாகப் பார்த்தேன். இத்தனை வருஷமாக நான் சபித்த ராட்சசன், காது மடலில் நரைமுடி தொங்க, தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திருட்டுப் பட்டம் கட்டப்பட்ட பிள்ளை மாதிரி விழித்துக்கொண்டு நின்றார்.

"தாயி, கோவிச்சுக்காதீக. நாங்க எங்க தாயி வேணாம்னு சொன்னோம்? சின்ன நாச்சியாருக்கு நல்ல எடம் வந்திருக்குன்னு கேள்விப்பட்ட அன்னைக்கே இதே எடத்துல நின்னு சொன்னேனே. கல்யாணத்த முடிங்க தாயி, பாரிக்கென்ன, பங்காளி வீட்டுல ஒரு புள்ளை தூக்கிட்டுப் போகுதுன்னு. அம்மனா கோவிச்சுக்கப் போறா? நீங்கதான வேணாம்னு சொல்லி விட்டீக."

அவருக்குப் பின்னால் நின்ற இன்னொருவர் தைரியம் வந்து பேசினார்.

"வருசா வருசம் கேட்டுக்கிட்டுத்தான இருக்கோம் தாயி. தங்கச்சி மேல அம்புட்டு உசுரு, பிரிய மனசில்லைன்னு நாங்களும் விட்டுட்டோம். எங்க வீட்டுப் பொம்பளைக எல்லாம் எங்களை வைதாளுக. ஒரு கொமரிப் புள்ளைய இப்படி வெச்சிருக்கீகளே, நீங்கள்லாம் பெரிய மனுசங்களான்னு."

நான்தான் அந்தத் தங்கச்சி என்று அவர்களிடம் சொல்ல முடியுமா? அவர்களுக்குத் தட்டிக்குப் பின்னால் இருப்பது எப்போதும் பெரிய நாச்சியார்தான். காரியஸ்தரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "சாட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பின்னால் வந்தவரைத் தாழ்வாரத்தில் நிறுத்திக் கேட்டேன், "உங்களுக்கும் தெரியும், இல்லையா?"

"நான் வெறும் வாய்தான சின்னம்மா. சொன்னதத்தான் சொன்னேன்" என்றார்.

அக்கா நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தாள். நான் வந்து நின்ற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஊர்க்காரங்க வந்தாங்க. நானே பேசினேன்."

போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள்.

"ஊரு ஒத்துக்கலைங்கிறது, மரியாதை போயிருங்கிறது, அப்பா பேருங்கிறது, அம்புட்டும் எனக்குக் காதுல பூ சுத்துனதாக்கா?"

"அப்பா பேரும் இருக்குடி" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"அக்கா!"

நான் கத்திய கத்தலில் வேலைக்காரி வாசல் வரை வந்துவிட்டு ஓடிப்போனாள். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்படியே சின்னக் குரலில் கேட்டாள்:

"நீ போயிட்டா நான் யாரோடடி ஒக்காந்து சாப்புடுவேன்?"

இந்த இடத்தில் நான் உருகி அழுதிருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. போகாதேடி, எனக்கு யாருமில்லை என்று என் கையைப் பிடித்து அவள் கேட்டிருந்தால், சண்டை போட்டிருப்பேன், மூக்கைச் சிந்தியிருப்பேன், ஒரு வருஷம் இருந்தும் இருப்பேன். அது நானாக விரும்பி இருந்ததாக இருந்திருக்கும். அவள் அப்படிக் கேட்கவில்லை. அம்மனை முன்னால் நிறுத்தினாள், செத்துப்போன அப்பாவை நிறுத்தினாள், ஒரு பாவமும் அறியாத ஐந்து ஊர்க் கிழவர்களை நிறுத்தினாள், தான் அவர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கடமை என்று அவள் சொன்னபோதெல்லாம் நான் தலை வணங்கினேன். அது கடமை இல்லை, பாசம் என்று தெரிந்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. என் மேல் இருந்த பாசத்தை எனக்கே தெரியாமல் எனக்கு விலங்காகப் போட்டவளை நான் என்னவென்று சொல்வது?

மறுநாள் காலை அவளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அதை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டி கட்டச் சொன்னேன். அவள் தடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அது பட்டத்துக்காரிக்குத் தெரியாத வித்தை. வண்டியின் திரையை நானே அவிழ்த்துக் கீழே போட்டேன். அகரம் தாண்டி திண்டுக்கல் மலை கண்ணில் படுகிற வரைக்கும் எதிரே வந்த சைக்கிள்காரன், தயிர்க்காரி, ஆட்டு மந்தை எல்லாவற்றையும் முறைத்துக்கொண்டே போனேன். அத்தை என்னைப் பார்த்ததும் குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்தாள். கொய்யாத் தோப்பு அன்றோடு முடிந்தது.

வைகாசியில் கல்யாணம். அக்கா வரவில்லை. தாலி இழந்தவள் மங்கல காரியத்துக்கு வராமல் இருப்பது எவ்வளவு பெருந்தன்மை என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் முடிந்தது. அவளுடைய வீம்புக்குக்கூட ஒரு சாஸ்திரம் கைகொடுக்கிறது பாருங்கள்!

நான் இல்லாத அந்தப் பங்குனியில் பங்காளி வீட்டுச் சின்னப் பெண் ஒருத்தி அரண்மனைப் பாரியைத் தூக்கினாளாம். பயிர் நன்றாகத்தான் வந்திருந்ததாம். முதல் மரியாதை அரண்மனைக்கே. மழையும் பெய்ததாம். வானம் இடிந்து விழவில்லை என்று கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்ததா? இல்லை, இன்னும் கொதித்தது. இவ்வளவு சுலபமாக நடந்திருக்கக் கூடிய ஒன்றுக்காகவா என் அத்தனை வருஷங்கள்?

தீபாவளிக்குக் காரியஸ்தரிடம் பட்டுப்புடவை கொடுத்தனுப்பினாள். திருப்பி அனுப்பினேன். மூத்தவன் பிறந்தபோது பாலூட்ட வெள்ளிச் சங்கு வந்தது. அதையும் அனுப்பினேன். "பாவம், அந்த அம்மா. ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாமே" என்றார் இவர். அவ்வளவுதான், இவர் மேல் பாய்ந்துவிட்டேன். காத்திருந்து காத்திருந்து இளைத்தவர் இவரும்தானே, இவருக்குக் கோபமே வராதா? வாயில்லாப் பிராணிகளுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து எவரைக் கண்டாலும் பாவமாகத் தெரிகிறது இவருக்கு.

அறுபதுகள் பிறந்து, சின்னவளும் நடக்கத் தொடங்கிவிட்ட பிறகு ஒரு பங்குனி மதியம். பக்கத்து வீட்டு பாய் சம்சாரம் வாசலில் நின்று குரல் கொடுத்தாள். அவர்களுக்குத் தோல் வியாபாரம், நல்ல மனுஷி. "தெரு முக்குல இந்தம்மா நின்னுக்கிட்டு மாட்டு டாக்டர் வூடு எதுன்னு போறவங்க வர்றவங்களையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. வெயில்ல ரொம்ப நேரமா நின்னிருக்காங்க போல" என்று சொல்லிவிட்டு விலகினாள்.

அவளுக்குப் பின்னால் அக்கா நின்றாள்.

வெள்ளைப் புடவை. முக்காடு சரிந்து தோளில் கிடந்தது. முகமெல்லாம் வெயிலில் சிவந்து, மூக்கின் மேல் புழுதி. துணைக்கு ஆள் இல்லை, வண்டி இல்லை. எத்தனையோ வருஷங்களாக நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனங்கள் எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். அவளும் கோபமாகத்தான் இருந்தாள்.

"வழி கேட்டுக் கேட்டு பஸ்ஸு ஏறுனேன். அந்தக் கண்டக்டர் பய என்னைப் பாத்துச் சிரிக்கிறான்டி. எங்க போகணும்னு கேட்டான். தங்கச்சி வீட்டுக்குன்னு சொன்னேன். பஸ்ஸுல இருந்த அம்புட்டுப் பேரும் சிரிக்குறாங்க. இதுல சிரிக்க என்ன இருக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அக்கா, இன்னைக்குப் பாரி எடுக்குற நாளு. பரிவட்டம் வரும். நீ இங்க நிக்கிற!"

"காரியஸ்தர் சம்சாரத்தத் தட்டிக்குப் பின்னால ஒக்கார வெச்சுட்டு வந்தேன். அவளே வாங்கிக்கிடட்டும்" என்றாள், வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த மாதிரி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. நிலைப்படியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தெருவில் யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று கத்தினேன்.

"இம்புட்டு லேசாத் தூக்கிப் போடுற மரியாதைக்கா என்னை அத்தனை வருசம் பிடிச்சு வெச்ச? இந்தப் பஸ் அன்னைக்கும் ஓடிக்கிட்டுத்தானக்கா இருந்துச்சு! நானும் காலாகாலத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்திருப்பேன், நீயும் நெனச்சப்பெல்லாம் ஏறி வந்திருக்கலாம்ல? எதுக்கு அம்புட்டுப் பொய்யி?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவள் கண்ணில் அதுவரை பார்த்திராத ஒரு திகைப்பு அது. நான் சொன்னதை அவள் அப்போதுதான் முதல் தடவையாக யோசிக்கிறாள் என்று தெரிந்தது. அரண்மனையிலிருந்து வண்டி ஏறிப் போன பெண்கள், அவளைப் போலத் தாலி இழந்தாலொழிய, திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை. நான் போனாலும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள்.

"வந்திருக்கலாம்தான்" என்றாள். "பஸ்ஸு எங்க நிக்கும்னு எனக்கு யாருடி சொன்னா?"

பெண்ணுக்குப் பட்டம் கட்டத் தெரிந்தது எங்கள் குலத்துக்கும் ஊருக்கும். தட்டி கட்டத் தெரிந்தது, மேளம் கொட்டத் தெரிந்தது, அவள் குரலைக்கூடப் பூட்டி வைக்கத் தெரிந்தது. ஊர் எல்லையில் வேப்பமரத்தடியில் நிற்கிற பஸ்ஸைக் காட்ட மட்டும் அவளுக்கு ஒருத்தருமில்லை. என் கோபம் அன்றும் தீரவில்லை, இன்றும் தீரவில்லை. ஆனால் அதில் பெரும்பங்கை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. நிலைப்படியிலிருந்து கையை எடுத்தேன்.